அந்த வார்த்தை யார் வீட்டுது

போன மாசம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு டீச்சர் என்னைப் பார்க்க வந்தார். சின்னப் பெண். நான் ஆயாவாக இருந்த அதே பேபி கிளாஸுக்கு இப்போது இவர் டீச்சர். கிளாஸில் ஒரு பையன் வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை வருகிறதாம். அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டால் போனில் பார்த்துக் கற்றுக்கொண்டான் என்கிறாராம்.

"உங்க காலத்துல போன் இல்ல, டி.வி. இல்ல. இந்தத் தொல்லையே இருந்திருக்காது இல்ல, ஆயாம்மா?" என்று கேட்டார்.

நான் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். அவர் குடித்து முடித்தார். அப்புறம் ரமா கதையைச் சொன்னேன். அதை ஆண்டு மலரில் போடலாம், நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன் என்றார். வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு எழுத்து தெரியும். பேபி கிளாஸ் மட்டும் இருபத்தெட்டு வருஷம் படித்தவள் நான். என்ன, நாலு வரி எழுதினால் கை வலிக்கும். அதனால் மூன்று வாரம் ஆனது.

என் பெயர் கன்னியம்மா. வாய்க்கால் ஓரத்தில் குடிசை. அபிராமபுரத்தில் ஒரு பங்களாவில் இந்தப் பள்ளிக்கூடம் ஆரம்பித்து நாலைந்து வருஷம் ஆன பிறகு நான் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்துமூன்று, இருபத்துநாலு வயசிருக்கும். யார் கணக்கு வைத்தார்கள்?

வேலை கற்றுக்கொள்ள மூன்று நாள் ஆனது. மூக்கு துடைக்க ஒரு துணி, வாய் துடைக்க ஒரு துணி, இரண்டையும் மாற்றக் கூடாது. டிபன் டப்பாவில் பெயர் எழுதியிருக்கும், எனக்கு அப்போது படிக்க வராது, அதனால் மூடியை மோந்து பார்த்தே யாருடையது என்று கொடுப்பேன். ஒரு நாளும் மாறியதில்லை. டிராயரை நனைத்துக்கொண்ட குழந்தையைச் சத்தமில்லாமல் பின்பக்கம் கூட்டிப் போய் மாற்றிக் கூட்டி வர வேண்டும், வீட்டுக்குச் சொல்லி அனுப்பக் கூடாது. இவ்வளவுதான் வேலை. மீதி எல்லாம் பெரிய டீச்சர் வைத்த சட்டம்.

பெரிய டீச்சர் என்றால் தலைமை ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கஞ்சி போட்ட நூல் புடவை, தோளில் குத்திய கடிகாரம். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் பேச்சு மெதுவாகும். ரொம்பக் கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். நாம் என்ன சொன்னாலும் "சரி. அப்புறம்?" என்பார். சொல்லி முடித்துவிட்டோம் என்று நாம் நினைத்திருப்போம். அவர் அப்படிக் கேட்டதும் இன்னும் இருப்பது தெரியும்.

கெட்ட வார்த்தைக்கு அவர் வைத்த சட்டத்தைச் சொல்கிறேன். குழந்தை சொன்னதும் சிரிக்கக் கூடாது. சிரித்தால் இன்னும் பத்து முறை சொல்லும். அடிக்கக் கூடாது. வாயைப் பொத்தக் கூடாது. 'சீ' என்றுகூடச் சொல்லக் கூடாது. காது கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, அந்த வேலையை முடித்துவிட்டு, நேரே அவர் அறைக்குப் போய், குழந்தை சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் சொல்ல வேண்டும். அவர் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார்.

முதல் தடவை எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, "அது வந்து... சோமாரின்னு சொல்லிச்சும்மா," என்றேன்.

"தலைப்பை எடுத்துட்டுச் சொல்லு. காதுல விழல."

"சோமாரி."

"எந்த ரி?"

"எனக்கு எழுத்து தெரியாதும்மா."

"சரி. அப்புறம்?" என்றார்.

அப்புறம்தான் எனக்கே ஞாபகம் வந்தது. அந்தப் பையன் சொல்வதற்கு முன்னால் இரண்டு கையாலும் இடுப்பு வேட்டியை இறுக்குவது மாதிரி டிராயரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். அதையும் எழுதிக்கொண்டார். மறுநாள் அவன் அப்பாவைக் கூப்பிட்டார். அவர் வந்து உட்காரும்போதே வேட்டியை இறுக்கிக்கொண்டார். பெரிய டீச்சர் என்னைப் பார்க்கவே இல்லை. அவரிடம் மரியாதையாகத்தான் பேசினார்.

அன்றைக்கு ஒன்று கற்றுக்கொண்டேன். வார்த்தை தனியாக வராது. முன்னாடியோ பின்னாடியோ எதையாவது கூட்டிக்கொண்டுதான் வரும். தி. நகரில் நகைக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் பையன், அடுக்கிய கட்டை சரிந்தால் விரலால் நெற்றி வேர்வையை வழித்து உதறிவிட்டுத்தான் "செத்த மூதி" என்பான். வேர்வையே இருக்காது. இன்னொரு பெண், தண்ணீர் கொட்டினால் உள்ளங்கையால் நெற்றியில் ஒரு தட்டு தட்டி, "சனியனே, என் பிராணனை வாங்கவே பொறந்தியா" என்று டம்ளரைக் கேட்கும். அது அவள் அம்மா. கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன்.

பெற்றவர்களை வரவழைத்தால் பெரிய டீச்சர் 'உங்கள் குழந்தை கெட்ட வார்த்தை பேசுகிறது' என்று ஆரம்பிக்க மாட்டார். "உங்க வீட்ல பால் பொங்கி வழிஞ்சா யார் என்ன சொல்லுவீங்க?" என்று கேட்பார். அவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். அப்புறம் முகம் சிவக்கும். பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும்.

என் வாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். மறைக்க ஒன்றுமில்லை. எங்கள் குழாயடியில் என்னிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர்கள் கிடையாது. காலையில் நாலு குடம் தண்ணீர் பிடிப்பதற்குள் நாற்பது வார்த்தை செலவாகும். ஆனால் பள்ளிக்கூட கேட்டைத் தாண்டிவிட்டால் ஒரு வார்த்தை கிடையாது. கால் விரலில் பெஞ்சு விழுந்து நகம் பெயர்ந்தபோதுகூட "முருகா" என்றுதான் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள் இப்போதும் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

இனி ரமா.

நாலு வயசு. மயிலாப்பூரில் வீடு. அப்பா வக்கீல், பள்ளிக்கூடக் கமிட்டியிலும் இருந்தார். சொந்தமாகக் கறுப்புக் கார், அவரே ஓட்டுவார். கோர்ட்டுக்குப் போகிற வழியில் குழந்தையை இறக்கிவிட்டுப் போவார். சாதுவான குழந்தை. அடிக்கடி டிராயரை நனைத்துக்கொள்ளும், என்னைத் தேடி வந்து புடவையைப் பிடித்து இழுக்கும். மத்தியானம் தயிர்சாதத்தை என் கையால்தான் சாப்பிடும்.

ஒரு நாள் சறுக்கு மரத்தில் எல்லாரும் வரிசையாக நிற்கிறார்கள். ஒரு பையன் நடுவில் புகுந்துவிட்டான். ரமா திரும்பிப் பார்த்து, கணீரென்று, "டேய் பேமானி! ஊட்ல சொல்லிக்கினு வந்தியா?" என்றது.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வார்த்தைக்காக இல்லை. அது பேசியது அப்படியே எங்கள் வாய்க்கால் ஓரத்துப் பேச்சு. அந்தக் கட்டடத்துக்குள் அப்படிப் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இதைப் போய்ச் சொன்னால் என்ன நினைப்பார்கள்? காது கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அது சட்டம். பெரிய டீச்சர் அறைக்குப் போகவில்லை. அது என் தப்பு. அத்தனை வருஷத்தில் நான் மறைத்தது அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் ரமா வீட்டில் திவசம். சாஸ்திரிகள் வாசலை அடைத்துக்கொண்டு நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்திருக்கிறார். இது பின்னால் போய் நின்று அவரிடம் அதையே கேட்டுவிட்டது.

மறுநாள் காலை அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். அம்மாவுக்கு அழுது கண் வீங்கியிருந்தது.

"எங்காத்துல இப்படி ஒரு வார்த்தை கிடையவே கிடையாது, டீச்சர். இவர் என்னை ஒரு நாள் 'டீ' போட்டுக் கூப்பிட்டதில்லை. வேலைக்காரிகூட வாசலோட சரி. யாருடி சொல்லிக் குடுத்தான்னு கேட்டேன். ஸ்கூல் ஆயாங்கறா."

அப்பா ஒரு கடிதத்தை மேஜைமேல் வைத்தார். வெள்ளிக்கிழமைக்குள் என்னை அனுப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் கமிட்டியில் பேச வேண்டிவரும் என்று எழுதியிருந்தது. இங்கிலீஷில். பெரிய டீச்சர்தான் எனக்குப் படித்துச் சொன்னார்.

அவர்கள் போனதும் கதவைச் சாத்தினார்.

"நீ சொன்னியா?"

"இல்லம்மா."

"ரமா பொய் சொல்ற குழந்தையா?"

"இல்லம்மா."

"அந்த வார்த்தையை இதுக்கு முன்னாடி இங்கே சொல்லியிருக்காளா?"

"சொல்லிச்சும்மா. மூணு நாள் முன்னாடி."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நான் எத்தனையோ பேருக்கு அது கழன்று பார்த்திருக்கிறேன். எனக்காகக் கழன்றது அன்றைக்குத்தான்.

"இன்னைக்குத் திங்கள். வேலையைப் பாரு," என்றார்.

வேலையைப் பார்த்தேன். வீட்டில் அடுப்பு எரிவது என் சம்பளத்தில்தான், ஆனாலும் அது எனக்குப் பெரிசாகப் படவில்லை. வேறே நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தால் அடுப்பு எரியும். குழந்தைக்குக் கெட்ட வார்த்தை சொல்லிக்கொடுத்தவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு அந்த கேட்டைத் தாண்ட முடியாது. செவ்வாய்க்கிழமை குழாயடியில் ஒருத்தி, "இன்னா கன்னிம்மா, வேலை பூட்ச்சாமே? வாய் கொஞ்சமாவா கீது உனுக்கு?" என்றாள். அதற்கு நான் சொன்ன பதில் ஆண்டு மலருக்கு ஆகாது.

ரமா என்னைக் கண்டால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. புடவையை இழுக்கவில்லை. ஈரத்தோடேயே உட்கார்ந்திருந்தது. தயிர்சாதத்தை நீட்டினால் வாயைத் திறக்காது. வேறே டீச்சர் ஊட்டினாலும் வேண்டாம். செவ்வாயும் டப்பா அப்படியே போனது, புதனும் அப்படியே போனது. குழந்தை என்மேல் சொன்னதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அந்த வாய் திறக்காததுதான் வலித்தது.

வியாழக்கிழமை டப்பாவை மூடும்போது 'சரி, அப்புறம்?' என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். அன்றைக்குச் சறுக்கு மரத்தில் வார்த்தைக்கு முன்னால் என்ன வந்தது? பயத்தில் அதைப் பார்க்காமல் விட்டிருந்தேன். இப்போது கண்ணை மூடிப் பார்த்தால் தெரிந்தது. நேரே பெரிய டீச்சர் அறைக்குப் போனேன்.

"அம்மா, அது சொல்றதுக்கு முன்னாடி வலது கையைப் பக்கவாட்டுல நீட்டி, இப்படி மேலயும் கீழயும் ரெண்டு ஆட்டு ஆட்டிச்சும்மா. அப்புறம் ஒதட்டால பாம் பாம்னுச்சு. அப்புறந்தான் சொல்லிச்சு."

அவர் கையை நீட்டிச் செய்து பார்த்தார். இரண்டு முறை.

"நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்றேன்," என்றார்.

வெள்ளிக்கிழமை அப்பா கறுப்புக் கோட்டோடு வந்தார். "பதினோரு மணிக்கு எனக்கு கேஸ் இருக்கு" என்று உட்காருவதற்கு முன்பே சொன்னார். அம்மாவும் வந்திருந்தார். நான் காப்பி கொண்டுபோனேன். அம்மா எடுத்துக்கொண்டார். அவர் எடுக்கவில்லை. தட்டோடு கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அந்த அறை ஜன்னல் தாழ்வாரத்தைப் பார்த்து இருக்கும். அங்கே நாலு குட்டி நாற்காலியை முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று போடச் சொல்லியிருந்தார் பெரிய டீச்சர். முன் நாற்காலியில் ஒரு எவர்சில்வர் தட்டு. பக்கத்தில் ஒரு பொம்மை. ரமாவை அங்கே விட்டுவிட்டு எல்லாரும் நகர்ந்துவிட்டார்கள்.

குழந்தை தட்டைப் பார்த்தது. நாற்காலியைப் பார்த்தது. உட்காரவில்லை. முதலில் கைக்குட்டையை எடுத்து மடித்துச் சட்டைக் காலருக்குள் சுற்றிச் செருகியது. உள்ளே அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அச்சு அசல் நீங்கதான்னா," என்றார். அவர் காலருக்குள் அன்றைக்கும் கைக்குட்டை இருந்தது.

அப்புறம் உட்கார்ந்தது. டுர்ர் என்றது. வண்டி கிளம்பவில்லை போலிருக்கிறது. இன்னொரு டுர்ர். "வாடி என் ராஜாத்தி," என்று தட்டைத் தடவிக்கொடுத்தது. வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரம் நல்லபடியாகப் போனது. அப்புறம், வேகத்தைக் குறைக்கும்போது கார்க்காரர்கள் காட்டுகிற மாதிரி, வலது கை வெளியே வந்தது. இரண்டு ஆட்டு.

"பாம் பாம்! டேய் சாவுகிராக்கி! ஊட்ல சொல்லிக்கினு வந்தியா? ரோட்டு இன்னா உங்கப்பன் ஊட்டுதா? பேமானி!"

சைக்கிள்காரன் ஒதுங்கிவிட்டான் போலிருக்கிறது. குழந்தை மூச்சு விட்டது. பக்கத்து நாற்காலிப் பொம்மையைத் திரும்பிப் பார்த்தது. குரல் மாறிவிட்டது.

"ரமாக்குட்டி, அம்மாட்ட மூச்சு விடப்படாது, என்ன? சமத்து."

பொம்மையின் தலையைத் தட்டிவிட்டு மறுபடி வண்டி ஓட்ட ஆரம்பித்தது.

குழந்தை அம்மாவிடம் அப்பா பெயரைச் சொல்லக் கூடாது. அம்மாவோ விடாமல் கேட்கிறார். யாராவது ஒருத்தர் பெயரைச் சொல்லியாக வேண்டும். யார் மேல் சொன்னால் திட்டு விழாது என்று அது யோசித்திருக்கிறது. ஈரத்தை வீட்டுக்குச் சொல்லி அனுப்பாதவள் நான்தானே. என்னைச் சொல்லிவிட்டது. அது எனக்கு அப்போதுதான் புரிந்தது, மனசும் கொஞ்சம் நேராயிற்று.

அம்மா வக்கீல் பக்கம் திரும்பிக் கேட்டார். "நீங்களா?"

"ரோட்ல வண்டி ஓட்டறவா எல்லாரும்..."

"இந்த பாஷைய எங்கே கத்துண்டேள்?"

வக்கீல் கோட்டுப் பொத்தானைத் திருகினார். "நம்மாத்து பாஷைல சொன்னா ரிக்‌ஷாக்காரனுக்குப் புரியறதில்லை," என்றார்.

அதில் நியாயம் இருக்கத்தான் செய்தது. ஒன்று சொல்ல வேண்டும், குழந்தையின் உச்சரிப்பில் ஒரு குறை கிடையாது. அப்பாவும் நன்றாகத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

பெரிய டீச்சர் நோட்டைத் திறந்தார். பேச்சு ரொம்ப மெதுவாக இருந்தது. "எங்கே கேட்டதுன்னு ஒரு இடம் எழுதணும், சார். வீடுன்னு எழுதினா உங்க சம்சாரம் சொன்னது பொய்யாயிடும். பள்ளிக்கூடம்னு எழுதினா கன்னியம்மா போகணும். என்ன எழுதட்டும்?"

"கார்னு எழுதுங்கோ," என்றார் அம்மா.

எழுதினார். பிறகு அந்தக் கடிதத்தை ஒரு விரலால் வக்கீல் பக்கம் தள்ளினார். அவர் எடுத்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"கன்னியம்மா, நீ ஏதாவது சொல்லணுமா?"

சொல்ல நிறைய இருந்தது. ஐந்து நாளாக மனசுக்குள் சேர்த்து வைத்திருந்தேன், குழாயடியில் பேசுவதைவிட நன்றாகவே இருந்தது. ஆனால் கேட்டுக்கு உள்ளே நிற்கிறேன்.

"குழந்தைய ஒண்ணும் சொல்லாதீங்க, சார். மூச்சு விடக் கூடாதுன்னு சொன்னீங்களே, அதை வாபஸ் வாங்கிக்குங்க. மூணு நாளா அது சோறு உள்ள இறக்கல."

அவர் என்னை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். எழுந்து தாழ்வாரத்துக்குப் போனார். கறுப்புக் கோட்டோடு நாற்காலிக் காருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குழந்தை காதில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. ரமா கேட்டுக்கொண்டது. அப்புறம் பின்னால் இருந்த நாற்காலியைக் காட்டியது. ஆறடி ஆள், அந்தக் குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார். குழந்தை நிதானமாக ஓட்டியது. ரொம்ப தூரம் போனார்கள். அந்த கேஸ் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

போகும்போது என் முன்னால் நின்றார். "சாரி," என்றார். அந்த இங்கிலீஷ் எனக்குத் தெரியும். தலையை ஆட்டினேன். ஆறிப்போன காப்பியை அவரே தட்டிலிருந்து எடுத்து, நின்றபடி குடித்துவிட்டு, டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மத்தியானம் மணி அடித்தது. டப்பாவைத் திறந்து தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தேன். கூப்பிடவில்லை. ரமா தொட்டிக்குப் பின்னால் இருந்து வந்தது. கொஞ்சம் தள்ளி நின்றது. அப்புறம் மடியில் வந்து உட்கார்ந்து வாயைத் திறந்தது. ஒரு வாய், இரண்டு வாய், ஐந்தாறு வாய் போனது. பசி.

பாதி டப்பா காலியானதும் என் முகத்தைப் பார்த்து, "ஆயா, பேமானின்னா என்ன?" என்று கேட்டது.

"தெரியாது கண்ணு," என்றேன். "இன்னொரு வாய் வாங்கிக்கோ."

வாங்கிக்கொண்டது.